பாடலும் ஏடும்: தேசியப் பாடல் கையெழுத்துப்படிகளைத் திரட்டுதல்

ஆய்வுச் சுருக்கம்

இந்திய விடுதலைப் போராட்டக் காலத்தில் தமிழ்த் தேசியப் பாடல்கள் அச்சுநூல், நாடகமேடை, இசைத்தட்டு ஆகியவற்றின் வழியே பரவியதோடு, கையெழுத்துப்படிகளாகவும் வழங்கின. கவிஞரின் கைப்படி, நாடகக் கலைஞரின் குறிப்பேடு, பாடுவோர் தமக்கெனப் படியெடுத்துக்கொண்ட 'பாட்டு நோட்டு' ஆகியவை ஒரே தன்மையுடைய சான்றுகள் அல்ல. பாடலை மட்டும் பெயர்த்தெடுத்துக்கொண்டு ஏட்டைக் கைவிடும் திரட்டுமுறையால் நேரும் இழப்பையும், ஏட்டை முழுமையாகப் பதிவு செய்ய வேண்டியதன் தேவையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தேசியப் பாடல், கையெழுத்துப்படி, பாட்டு நோட்டு, பாடபேதம், வர்ணமெட்டு, பாரதி, பாஸ்கரதாஸ்

அச்சுக் காலத்தில் கையெழுத்து

தமிழில் தேசியப் பாடல் பரவத் தொடங்கிய காலம் அச்சு எளிதாகக் கிடைத்த காலமே ஆகும். 1907இல் மிதவாதத் தலைவர் வி. கிருஷ்ணசாமி ஐயர், பாரதியின் மூன்று பாடல்களை நான்கு பக்கச் சிறுவெளியீடாக 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். அடுத்த ஆண்டே பாரதியின் 'ஸ்வதேச கீதங்கள்' நூலாக வெளிவந்தது. 1909இல் 'ஜன்ம பூமி' வந்தது. இவ்வாறு அச்சில் தாராளமாகப் பரவிய ஒரு பாடல்வகைக்குக் கையெழுத்துப்படிகளைத் தேடுவது வேண்டாத உழைப்பு எனத் தோன்றக்கூடும். சுவடி ஆய்வு என்றாலே பனையோலையை எண்ணிப் பழகிய தமிழ்ப் புலமை மரபில், கோடிட்ட பள்ளிக் குறிப்பேட்டுக்குச் சுவடி என்ற மதிப்பு இன்னும் கிட்டவில்லை என்பதும் உண்மை.

ஆயினும் அச்சு வசதி இருந்ததனாலேயே கையெழுத்துக்குத் தேவை ஏற்பட்டது. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டத்தின்படி அச்சிடப்படும் ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவரின் பெயரும் இடமும் இருத்தல் வேண்டும். எனவே ஓர் அச்சுப்படி கிடைத்தால் அதற்குப் பொறுப்பானவரைத் தேடிப் பிடிக்க முடியும். 1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் அச்சக உரிமையாளரிடம் பிணைத்தொகை கேட்டது. 1931இல் வந்த அவசர அதிகாரச் சட்டம் அதே வழியைப் பின்பற்றியது. 1928இல் பர்மா அரசு பாரதியின் பாடல் நூல்களைத் தடைசெய்ய, அதைத் தொடர்ந்து சென்னை மாகாண அரசும் அந்நூல்களைப் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி இதனைக் கடுமையாக எதிர்த்தார். இச்சட்டங்கள் யாவும் அச்சகத்தையும் விற்பனையாளரையும் குறிவைத்தவை. ஒரு பாடலைக் கேட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவரை அவை எளிதில் எட்டவில்லை. நூலைப் பறிமுதல் செய்தபின்னரும் பாடல் வழங்கியதென்றால், அது மனப்பாடமாகவும் கையெழுத்தாகவும்தான் வழங்கியிருக்க வேண்டும்.

இதில் ஒரு முரண் உண்டு. தடைசெய்யப்பட்ட அச்சு வெளியீடுகளை அரசே பத்திரப்படுத்தியது. பறிமுதலான படிகள் கோப்புகளில் சேர்க்கப்பட்டன; அவற்றுள் பல இன்று புதுதில்லியிலுள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்திலும் கிடைக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகம் 1982இல் தடைசெய்யப்பட்ட தேசியக் கவிதைகளின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. பிரித்தானிய நூலகம் தன்னிடமுள்ள தடைநூல்களின் அட்டவணையை 1985இல் அச்சிட்டது. சென்னை அரசின் மொழிபெயர்ப்பாளர்கள் தமிழ் இதழ்களைப் படித்து ஆங்கிலத்தில் எழுதிய சுருக்க அறிக்கைகளும் எஞ்சியுள்ளன. அடக்க முனைந்த அரசின் கையில் அச்சு பிழைத்தது. போற்றி வைத்திருந்த குடும்பங்களின் கையில் குறிப்பேடு அழிந்துவருகிறது.

கவிஞரின் கைப்படி

கையெழுத்துப்படி என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது கவிஞர் தம் கையால் எழுதிய படியே. இவ்வகையில் பாரதியின் கைப்படிகளின் வரலாறு விரிவாக எண்ணத்தக்கது. புதுச்சேரி வாழ்க்கை 1918இல் முடிந்தபின், 1920இல் பாரதி தம் படைப்புகளை அச்சிடப் பெருந்திட்டம் ஒன்றை வகுத்துச் சுற்றறிக்கை விடுத்தார். பன்னிரண்டு ஆண்டுப் புலம்பெயர் வாழ்வில் எழுதிச் சேர்த்த கைப்படிகள் யாவற்றையும் 40 நூல்களாகப் பிரிப்பது, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடுவது, அதற்கு நண்பர்களிடம் வட்டிக்குக் கடன் பெறுவது என்பன அத்திட்டத்தின் கூறுகள். திட்டம் நிறைவேறவில்லை. ஆனால் அந்த அறிக்கை ஒரு முக்கியமான செய்தியைத் தருகிறது. தம் கைப்படிகள் ஓரிடத்தில், பகுக்கத்தக்க ஒரு தொகுதியாக இருந்தன என்று கவிஞரே கருதியிருக்கிறார்.

1921இல் அவர் மறைந்தபின் அத்தொகுதி பதிப்புக்கான மூலமாயிற்று. செல்லம்மா பாரதி முன்னின்று நடத்திய பாரதி ஆச்சிரமம் 1922இல் 'சுதேச கீதங்கள்' நூலை இரு பாகங்களாக வெளியிட்டது. தொடர்ந்து பாரதி பிரசுராலயம் அப்பணியை ஏற்றது. இப்பதிப்புகள் இல்லையெனில் பாரதி இன்று அறியப்பட்டிருக்கும் அளவுக்கு அறியப்பட்டிருக்கமாட்டார்; இதில் ஐயமில்லை. ஆனால் அப்பதிப்பாளர்களின் நோக்கம் பாடல்களை மக்களிடம் சேர்ப்பது. எந்தத் தாளில், எந்தப் பாடலுக்கு அடுத்து, எந்த நாளில் எழுதப்பட்டது என்பதைப் பதிவு செய்வது அன்று. தேசிய கீதங்கள், தெய்வப் பாடல்கள் எனப் பொருள்வாரியாகப் பாடல்கள் பிரிக்கப்பட்டு அப்பகுப்பே நிலைபெற்றது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் பதிப்புரிமையை ஏற்று, பின்னர் அவற்றைப் பொதுவுடைமையாக்கியபோது, மலிவுப் பதிப்புகள் பெருகின; பொருள்வாரிப் பகுப்பும் அவற்றோடு பெருகியது. இன்று பலருக்கு அப்பகுப்பு பாரதியே செய்தது போலத் தோன்றுகிறது.

இழந்த காலவரிசையை மீட்பதற்குப் பின்வந்த ஆய்வாளர்கள் பெரும்பாலும் இதழ்களையே நாட வேண்டியிருந்தது. பெ. தூரன் 'சுதேசமித்திரன்' இதழ்களிலிருந்து திரட்டிய 'பாரதி தமிழ்' (1953), 'இந்தியா' வார இதழிலிருந்து இளசை மணியன் தொகுத்த 'பாரதி தரிசனம்', சீனி. விசுவநாதனின் காலவரிசைத் தொகுதிகள் ஆகியவை இவ்வகையில் பெரும் உழைப்பின் விளைவுகள். ரா. அ. பத்மநாபனின் 'சித்திர பாரதி' (1957) இவற்றிலிருந்து சற்று வேறுபட்டது. அந்நூல் பாரதியின் கையெழுத்தை ஒளிப்படமாகவே காட்டியது. அடித்தலும் திருத்தலும் வரியிடைச் சேர்க்கையும் பாடலின் வரலாற்றில் பங்குடையவை என்ற உணர்வு தமிழ் வாசகரிடையே ஏற்பட அத்தகைய படங்கள் வழிவகுத்தன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் பாரதி பாடல்கள் ஆய்வுப் பதிப்பு (1987) பாடபேதங்களை முறையாகக் கணக்கில் கொண்டது.

இவ்வளவு உழைப்புக்குப் பின்னும் இதழில் வெளிவராத ஒரு பாடலுக்குக் காலம் குறிப்பது கடினமாகவே இருக்கிறது. கைப்படித் தொகுதி கலைக்கப்படாமல் முழுமையாக விவரிக்கப்பட்டிருந்தால், முன்னும் பின்னும் உள்ள தாள்களைக் கொண்டு அக்காலத்தை ஓரளவேனும் வரையறுத்திருக்கலாம்.

மேடையின் குறிப்பேடு

நாடகக் கலைஞரின் குறிப்பேடு முற்றிலும் வேறொரு சூழலில் உருவானது. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்த்துச் சட்டம், அரசுக்கு எதிரானவை எனக் கருதப்படும் நாடகங்களைத் தடுக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்திருந்தது. கலைஞர்கள் கண்ட வழி எளியது. புராண நாடகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் இடையில் தேசியப் பாடலைச் செருகினர். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வள்ளி தினைப்புனம் காக்கும் காட்சி இதற்கு நல்வாய்ப்பாக அமைந்தது. பயிரை அழிக்கும் பறவைகளை வள்ளி விரட்ட வேண்டும். விரட்டப்படும் பறவை வெள்ளைக் கொக்காக இருந்தால் அவையோருக்குக் குறிப்புப் புரியும். மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952) இத்தகைய பாடல்களை எழுதியவர்களுள் முதன்மையானவர். அவற்றை மேடையில் பாடிப் பலமுறை சிறைசென்ற விசுவநாததாஸ், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் அதே நாடகத்தில் முருகன் வேடத்துடன் மேடையிலேயே உயிர்நீத்தார்.

செருகப்பட்ட பாடல் நாடகநூலில் இராது. அன்றன்று, ஊருக்கேற்ப, காவலர் இருப்பதற்கேற்பக் கூட்டியும் குறைத்தும் பாடப்பட்டதால், எந்தப் படி சரியான படி என்ற வினாவே இங்குப் பொருந்தாது. சு. தியடோர் பாஸ்கரனின் ஆய்வுகள் இம்மேடை அரசியலின் பரப்பை வெளிக்கொணர்ந்தன. பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகளை அவருடைய பெயரர் ச. முருகபூபதி 2009இல் பதிப்பித்து வெளியிட்டது மற்றொரு முக்கிய நிகழ்வு. 1917 முதல் 1951 வரையிலான அக்குறிப்புகள் நாடகமும் பாடலும் பயணமும் கலந்த அன்றாடப் பதிவுகள். கவிதைத் தொகுப்பு ஒன்று தரமுடியாத செய்திகளை அவை தருகின்றன. குடும்பத்தார் அவற்றைப் பாட்டு உள்ள பக்கம், பாட்டு இல்லாத பக்கம் எனப் பிரித்துப் பின்னதைக் கழித்திருந்தால் அவற்றின் பயன் பாதியாகக் குறைந்திருக்கும்.

முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இங்கு நினைக்கத்தக்கது. கதைக்குத் தொடர்பே இல்லாமல், இராட்டினத்தைப் போற்றும் பாஸ்கரதாஸின் பாடலும் அதில் இடம்பெற்றது. படச்சுருள் இன்று இல்லை. பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு, கைக்குறிப்பு ஆகிய சிதறிய சான்றுகளைக் கொண்டே அப்பாடல்களை அறியவேண்டியுள்ளது.

பாட்டு நோட்டு

மேற்கூறிய இரு வகைகளுக்கும் ஆசிரியர் பெயரேனும் உண்டு, தேடுவோரும் உண்டு. மூன்றாம் வகையான பாட்டு நோட்டுக்கு இரண்டும் இல்லை. பஜனைக் குழுவினர், தொண்டர்கள், மாணவர்கள், வீட்டுப் பெண்கள் எனப் பலரும் தாம் கேட்ட பாடல்களைத் தமக்காக எழுதி வைத்துக்கொண்டவை இவை. 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்குப் புறப்பட்ட உப்புச் சத்தியாக்கிரகிகளுக்காக நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளை நடைப்பாடல் ஒன்றை எழுதினார். சில நாட்களில் ஊர்தோறும் பரவும் ஒரு பாடலை, நூலாக வரும்வரை காத்திராமல் கேட்டவர் எழுதிக்கொள்வது இயல்பு. அவ்வாறு எழுதிக்கொண்ட படியில் சொல் மாறியிருக்கலாம், அடி முன்பின்னாகியிருக்கலாம், ஆசிரியர் பெயர் தவறாக இருக்கலாம்.

பதிப்பாசிரியர் நோக்கில் இவை பிழைகள். ஆனால் எந்தச் சொல் மாறியது, எதனால் மாறியது என்று கேட்டால் அதே பிழை சான்றாகிறது. படிப்பவர்க்குப் புரியும் அரிய சொல் ஒன்று பாடுபவர் வாயில் வழக்குச் சொல்லாகிறது. ஒரு தலைவரின் பெயர் இருந்த இடத்தில், அசை எண்ணிக்கை கெடாமல் உள்ளூர்த் தலைவரின் பெயர் வந்து அமர்கிறது. அப்பாடல் அவ்வூரில் உண்மையிலேயே பாடப்பட்டது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேறொன்று கிடைப்பது அரிது. பிழையின்றி நூலைப் பார்த்து எழுதப்பட்ட படி, ஒருவர் நூலைப் பார்த்து எழுதினார் என்பதை மட்டுமே சொல்லும்.

பாடலின் தலைப்பில் எழுதப்படும் மெட்டுக் குறிப்பும் இத்தகையதே. பாரதி தம் பாடல்கள் சிலவற்றுக்குக் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளின் வர்ணமெட்டைக் கொண்டார்; கலெக்டர் விஞ்சும் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் உரையாடுவதாக அமைந்த பாடல்கள் இவ்வகையின. கிளிக்கண்ணி போன்ற எளிய மெட்டுகளையும் அவர் எடுத்தாண்டார். கேட்பவர்க்கு முன்பே தெரிந்த இசையில் புதிய செய்தியை ஏற்றி அனுப்பும் வழி இது. மெட்டுக் குறிப்பை நீக்கிவிட்டு அச்சிடும் பிற்காலப் பதிப்பில் பாடல் வெறும் செய்யுளாகிவிடுகிறது. பாட்டு நோட்டில் அச்சுநூலில் உள்ள மெட்டுக்கு மாறாக நாடகப் பாட்டின் பெயரோ திரைப்பாட்டின் பெயரோ எழுதப்பட்டிருந்தால், அப்பாடல் எந்த இசைச் சூழலுக்கு இடம்பெயர்ந்தது என்பது தெரியவரும்.

இனிப் பாடலுக்கு அருகில் இருப்பவை. பாட்டு நோட்டு தேசியப் பாடலுக்கென்றே ஒதுக்கப்பட்டதாக இருப்பது குறைவு. தாலாட்டு, முருகன் துதி, கைமருந்துக் குறிப்பு, பால் கணக்கு, கைமாற்றாகக் கொடுத்த தொகை ஆகியவற்றின் நடுவே அது இருக்கும். திரட்டச் செல்வோர் வேண்டாதவை என ஒதுக்குவன பெரும்பாலும் இவையே. ஏட்டை எழுதியவர் யார், எந்நிலையினர், எக்காலத்தவர், தேசியப் பாடலை எந்த மனநிலையில் வைத்துப் பாடினார் என்பவற்றை அறிய இவற்றைவிட நல்ல துணை இல்லை. நலங்குப் பாட்டுக்கு அடுத்த பக்கத்தில் கதர்ப் பாட்டு இருந்தால், கதர் அவ்வீட்டின் திருமணம் வரை வந்துவிட்டது என்று கருத இடமுண்டு.

காலம் குறித்தல்

ஏட்டில் நாள் குறிக்கப்படாதவிடத்து, அகச்சான்றுகளைக் கொண்டு கால எல்லையை நெருங்கலாம். இதில் எச்சரிக்கை மிகவும் தேவை. விடுதலைக்குப் பின்னர் நினைவிலிருந்து எழுதப்பட்ட படிகள் குடும்ப வழக்கில் போராட்டக் காலத்து ஏடுகளாகவே சொல்லப்படுவதுண்டு. இதில் ஏமாற்று ஏதும் இல்லை. பாடலின் காலம் ஏட்டின் காலமாகக் கொள்ளப்பட்டுவிடுகிறது.

ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்களைச் சிலர் உறுதியான சான்றாகக் கொள்கின்றனர். எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது உண்மை. ஆனால் பழைய வடிவில் எழுதிப் பழகிய கை அரசாணைக்காக மாறிவிடுவதில்லை. பழைய வடிவம் எழுதியவரின் பள்ளிக் காலத்தைக் காட்டும். எழுதிய நாளைக் காட்டாது. நாணயக் குறிப்பு இதைவிட நம்பத்தக்கது. கணக்கு அணாவில் இருந்தால், புதிய பைசா வந்த 1957க்கு முற்பட்டது, அல்லது மக்கள் பழைய கணக்கை விடாதிருந்த அடுத்த சில ஆண்டுகளைச் சார்ந்தது எனலாம். எழுதுகருவியும் உதவும். பந்துமுனைப் பேனா உலகச் சந்தைக்குப் பரவலாக வந்தது 1945இல்தான். ஆகவே அதனால் எழுதப்பட்ட படி உப்புச் சத்தியாக்கிரகக் காலத்ததாக இருக்க இயலாது. அட்டையில் அச்சிடப்பட்ட கடைப்பெயர், விலை, வாய்பாடு, படம் ஆகியவற்றையும் பதிவு செய்தல் நலம். தாளுக்கு ஒரு காலமும் எழுத்துக்கு ஒரு காலமும் இருப்பதுண்டு. தந்தையின் கணக்குப் புத்தகத்தில் எஞ்சிய வெற்றுத்தாளில் மகள் பாட்டெழுதியிருக்கலாம்.

திரட்டும் முறை

நடைமுறையில் திரட்டுபவர் முதலில் செய்யத்தக்கது, ஏட்டின் முன்னட்டை முதல் பின்னட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்பட, வரிசை மாறாமல் ஒளிப்படம் எடுத்தலாகும். பாட்டுள்ள பக்கத்தை மட்டும் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு திரும்பும் வழக்கம் இன்று மிகுந்துள்ளது. அது 1922இல் நடந்ததையே வேறொரு கருவியால் செய்வதாகும். அன்றைய பதிப்பாளருக்கிருந்த அவசரம் இன்றைய ஆய்வாளருக்கு இல்லை. ஏட்டுக்குள் செருகியுள்ள துண்டுத்தாள், பூ, நாளிதழ் நறுக்கு ஆகியவை எந்தப் பக்கத்தில் இருந்தன என்பதும் குறிக்கப்படவேண்டும். எழுதியவர், பெற்றவர், இப்போது வைத்திருப்பவர் என்ற கைமாற்றத்தை உரிமையாளர் சொன்னவாறே எழுதி, திரட்டுபவரின் ஊகத்தை அதனின்று பிரித்து வைத்தல் வேண்டும்.

மூல ஏட்டைக் கேட்டு வாங்குவதா, படம் மட்டும் எடுப்பதா என்பதில் பொதுவிதி கூறவியலாது. பாதுகாக்க ஆளும் இடமும் இருக்கும் குடும்பத்திடமிருந்து ஏட்டைப் பிரிப்பது முறையன்று. அவை இல்லாதவிடத்து, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனமொன்றில் உரிமையாளரின் பெயருடனும் ஒப்புதலுடனும் சேர்ப்பது தக்கது. ஆய்வாளரின் வீட்டு அலமாரி இவ்விரண்டிலும் சேராது. ஆய்வேடு முடிந்தபின் அங்குத் தங்கிவிடும் ஏடு, குடும்பத்திலும் இல்லாமல் நூலகத்திலும் இல்லாமல் போகும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, மரக்கூழால் ஆன மலிவுத்தாள் தன்னிலுள்ள அமிலத்தால் பழுத்து நொறுங்கும். இரும்பு உப்புக் கலந்த பழைய மை தாளை அரித்து எழுத்து வடிவிலேயே துளையாக்கும். கிழிந்த தாளை ஒட்டுநாடாவால் ஒட்டுவதும், பிளாஸ்டிக் உறையை வெப்பத்தால் படியவைப்பதும் நல்லெண்ணத்தில் செய்யப்படும் கேடுகள். பின்னாளில் அவற்றை நீக்க முயன்றால் எழுத்தும் உடன் வரும். அமிலமற்ற தாளுறையில் இட்டு, ஈரமும் வெயிலும் படாமல் கிடையாக வைத்தலே போதும்.

எழுத்துப்பெயர்ப்பில் திருத்தம் கூடாது. 'ஸ்வதேசம்' என்றிருப்பதைச் 'சுதேசம்' என்றும், ரகர றகர மயக்கத்தை இலக்கண நெறிப்படியும் மாற்றி எழுதினால், எழுதியவரின் ஒலிப்பும் கல்வியும் மறைந்துவிடும். திருந்திய வடிவம் வேண்டுமெனில் அதனைத் தனியே தரலாம். அவ்வாறே, நூலில் பாரதி பெயரில் இல்லாத பாடல் ஏட்டில் அவர் பெயரால் இருந்தால், அதனைப் புதிய கண்டுபிடிப்பு என்று அறிவிக்க விரைதல் வேண்டா. புகழ்பெற்றவர் பெயரில் பிறர் பாட்டு வழங்குவது தமிழில் தனிப்பாடல் காலந்தொட்டு உள்ள வழக்கமே.

விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான மைய அரசின் ஓய்வூதியத் திட்டம் 1972இல் தொடங்கியபோது சிறைச் சான்றிதழுக்குக் குடும்பங்களில் மதிப்பு ஏற்பட்டது. அதை அவர்கள் பத்திரப்படுத்தினர். பாட்டு நோட்டைக் கேட்டு எந்த அலுவலகமும் கடிதம் எழுதவில்லை. எனவே அதைத் தேடிச் செல்பவர் "விடுதலைப் போராட்டம் தொடர்பாக ஏதேனும் வைத்திருக்கிறீர்களா" என்று கேட்டால் சான்றிதழும் தாமிரப்பட்டயமும்தான் எடுத்துக் காட்டப்படும். "வீட்டில் பாட்டு எழுதி வைக்கும் வழக்கம் யாருக்கு இருந்தது" என்று கேட்பதே பயன்தரும். அக்கேள்விக்கு விடையளிப்பவர் பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்ணாக இருப்பார். ஏடு பரணில் உள்ள தகரப்பெட்டியிலோ, பழைய தாள் வாங்குபவருக்காகக் கட்டி வைத்த கட்டிலோ இருக்கும்.